உடுப்பை உதறாதே

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைச் சின்னவன்தான் வாசித்துக் காட்டினான். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். நான் பிடுங்கி வாசிக்கவில்லை. நீ சூப்பர்வைசர் ஆனதில் என்னைவிட அவனுக்குத்தான் பெருமை. ஆனால் பாப்பாவைப் பற்றி ஒரே வரி, "நன்றாக இருக்கிறாள்." போன கடிதத்தில் வயிற்று வலி, சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். சரி, நான் கேட்கவில்லை.

வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதே. வேலை இடத்திலேயே குளி, ஷூவையும் அங்கேயே விடு. தூசியே இல்லை என்பாய். தாது நொறுக்கும்போது எழும்பும் ஈயத்தூள் கண்ணுக்கா தெரியும்? மாஸ்க் உன் மூக்கைக் காக்கும், சட்டையைக் காக்குமா? வாய்க்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகப் பிள்ளைகளின் உடம்பு இழுத்துக்கொள்ளும். அப்புறம் எலும்பில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் இறங்காது. 2010-இல் நைஜீரியாவின் ஸம்ஃபாராவில் தங்கத் தாதை வீட்டு முற்றத்திலேயே அரைத்தார்கள். அதில் ஈயமும் இருந்தது. 400 பிள்ளைகளுக்கு மேல் போய்விட்டார்கள்.

படித்தவன், உனக்குத் தெரியாததா? தெரிந்தும், ஷிப்ட் முடிந்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோவை அனுப்பியிருக்கிறாய். உன் தோளில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். உடுப்பை உதறாதே. வீட்டைக் கூட்டாதே, ஈரத்துணியால் துடை.

அப்பாவைக் குறை சொல்லாதே. அவர் கழற்றிப் போட்டதை உள்ளே வைத்து உதறியவள் நான். ஊறவைத்த வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று பொடி தங்கும். சின்னவன் அதைத் தொட்டுத் தரையில் கோடு போடுவான். அதே விரல் வாய்க்குப் போகும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுத்து ஏறவில்லை என்று மந்தம், மந்தம் என்று ஸ்கேலால் அடித்தேனே, நீ கதவோரம் நின்று பார்த்தாய். ஈயம்தான் காரணமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு யாரும் அவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

பாப்பாவுக்கு எடுத்தாயா? ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்றும் அது சொல்லவில்லை. எண்ணை மட்டும் எழுது. உறையின் மேல் "அம்மாவுக்கு மட்டும்" என்று போடு. சின்னவன் பிரிக்க மாட்டான்.

அம்மா