மாப்ளைக்கு, ரோட்டரி வயரிங் பற்றி

சிட்னி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பெரியவள் இன்ஸ்ட்ருமென்டேஷன் எடுத்திருக்கிறாளாமே! பட்டறையில் லேத்துக்குத் தள்ளி அவளுக்கு ஒரு மேஜை ஒதுக்கிவிடு, லீவில் உனக்கே பாடம் எடுப்பாள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜினுக்குத் தனி இசியு (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கணக்கிடும் கம்ப்யூட்டர்) போடுவது அப்படி என்ன வித்தை என்று கேட்டிருந்தாய். வித்தை ஒன்றுமில்லை. பிஸ்டன் இன்ஜினில் வயரை மாற்றிக் கொடுத்தால் அது இருமும், நின்றுபோகும், நமக்கும் தெரிந்துவிடும். இந்த மாஸ்டா இன்ஜின் சில தப்புகளோடு சமர்த்தாக ஓடும், பிறகுதான் வேலையைக் காட்டும். அதனால் அது வாய்திறந்து சொல்லாத இடங்களில்தான் எனக்கு நேரம் போகிறது.

இப்போது கையில் இருப்பது 1989 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார், அதில் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) வைத்த 13பி இன்ஜின். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி. கம்பெனி இசியு காற்று அளக்கும் மீட்டரை நம்பி வேலை செய்வது. வண்டிக்காரர் டர்போவைப் பெரிதாக்கி அந்த மீட்டரைக் கழற்றிவிட்டார். புது இசியு மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம், காற்றின் சூடு, ஆர்பிஎம் இவற்றை வைத்துக் கணக்குப் போடும். பழைய ஹார்னஸையே (வயர்க் கட்டையே) வைத்துக்கொள்ளலாமே என்றார். டர்போ சூட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வெந்த வயர் அது, வளைத்தாலே உறை உதிர்கிறது. அதில் ஒட்டுப்போட எனக்குச் சம்மதமில்லை. முழுதும் புதிதாக இழுக்கிறேன்.

நம்ம நாலு சிலிண்டர் புத்தியை முதலில் கழற்றி வைக்க வேண்டும். ரோட்டருக்கு மூன்று முகம். ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று. ஆக, ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை எரிக்கிறது. கேம் சென்சார் வைத்து "இது எந்தச் சுற்று?" என்று கேட்கிற தொல்லையே இல்லை. இந்த வண்டியில் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சார் முன்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் உயரத்துக்குத் தனியாக நிற்கும். உள்ளே ஒரு சக்கரத்தில் 24 பல், இன்னொன்றில் 2. அது ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுற்றுவதால், சுற்றுக்கு 12 பல்லும் ஒரு அடையாளமும் இசியுவுக்குக் கிடைக்கும். ரோட்டரி செட்டிங் இல்லாத இசியுவில் சிலர் நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்றே போட்டு ஓட்டுகிறார்கள், எண்ணிக்கை சரியாக வரும்.

அந்தச் சென்சாரின் இரண்டு வயர் இடம் மாறினால் அப்போதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகக்கூடும். ஆனால் வேகம் ஏற ஏற டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) நகரும். அதனால் இசியுவில் டைமிங்கைப் பூட்டிவிட்டு, ஐடிலிலும் 4000 ஆர்பிஎம்மிலும் டைமிங் லைட் அடித்துப் பார்ப்பேன். புல்லியில் உள்ள கோடு அசையக் கூடாது. கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும், ஷீல்டுக்கு எர்த் இசியு பக்கம் மட்டும். பிளக்குக்கு ஸ்பார்க் தரும் காயிலின் வயரோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

இனி பிளக். ஒரு ரோட்டருக்கு இரண்டு: கீழே லீடிங், மேலே டிரெய்லிங். உழைப்பெல்லாம் லீடிங்குடையது, டிரெய்லிங் கொஞ்சம் தாமதமாக வந்து மிச்சத்தை எரிக்கும். கம்பெனி செட்டிங்கில் இரண்டு லீடிங்கும் ஒரே காயிலில் சேர்ந்தே அடிக்கும். முன்னும் பின்னும் மாறினாலும் கவலையில்லை. டிரெய்லிங் அப்படியில்லை. முன் ரோட்டர் வயர் பின்னுக்குப் போய்விட்டால் 180 டிகிரி தள்ளி அடிக்கும். லீடிங் காப்பாற்றுவதால் ஐடிலில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டர்போ பூஸ்ட் ஏறியதும் வரக்கூடாத நேரத்தில் வருகிற தீ, ரோட்டர் முனையில் கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீலை உடைத்துவிடும். சீல் உடைந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புல்லியில் இரண்டு கோடு உண்டு, டிடிசி (கலவை முழுதாக அழுந்தும் புள்ளி) தாண்டி 5 டிகிரியில் லீடிங்குக்கு, 20 டிகிரியில் டிரெய்லிங்குக்கு. ஐடிலில் டிடிசிக்குப் பிறகு ஸ்பார்க்கா என்று நீ சிரிப்பாய், இந்த இன்ஜினுக்கு அதுதான் கணக்கு. டைமிங்கை அப்படியே பூட்டி, லைட்டின் கிளாம்பை முன் டிரெய்லிங் வயரில் மாட்டினால் இரண்டாவது கோடு இன்ஜினில் நிற்கும் குறி முள்ளுக்கு நேராக வர வேண்டும். பின் டிரெய்லிங்கில் மாட்டினால் முள்ளுக்கு நேராக எந்தக் கோடும் இருக்கக் கூடாது, அது புல்லியின் மறுபக்கம் போயிருக்கும். பின்னதிலும் கோடு தெரிந்தால் உடனே அணைத்துவிடு. நான் நாலு தனிக் காயில் போடுகிறேன், அதனால் லீடிங்கையும் இதே மாதிரி பார்த்துவிடலாம்.

அடுத்த ஆபத்து ஆயில். இந்த இன்ஜின் சீலுக்காகக் கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. 1989க்கு முந்தைய மாடலில் அந்தப் பம்ப் ஆக்சிலேட்டரோடு சேர்ந்த மெக்கானிக்கல், எந்த இசியு போட்டாலும் தன் வேலையைப் பார்க்கும். இதில் எலெக்ட்ரானிக். புது இசியு அதை ஓட்டாவிட்டால் பம்ப் சும்மா இருக்கும், இன்ஜினும் வழக்கம்போல் ஓடும். அப்படியானால் பம்பைக் கழற்றி மூடிவிட்டு, பெட்ரோலில் லிட்டருக்கு 8 மில்லி அளவில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பார்கள். சேத்தக் ஸ்கூட்டருக்கு பங்கில் டூ-டி ஆயில் ஊற்றிய அதே கதை. இந்த வண்டிக்காரர் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் ஊற்றுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பம்பை ஓட்டத் தெரிந்த இசியுவாகத்தான் வாங்க வைத்தேன்.

எர்த், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் நீ செய்கிற மாதிரிதான். காயிலுக்குத் தனி ரிலே, சென்சார் எர்த்தைப் பவர் எர்த்தோடு கலக்காதே, அவ்வளவுதான். முதல் தடவை செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பில் ஆர்பிஎம் குதிக்காமல் வருகிறதா, ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ரோட்டரி சுலபமாகப் பெட்ரோலில் நனைந்துபோகும், அப்புறம் பிளக்கைக் கழற்றி உலர்த்திக்கொண்டு உட்கார வேண்டும்.

ரோட்டரி செத்துப்போச்சு என்றாயே, 2023இல் மாஸ்டா அதை எம்எக்ஸ்-30 காரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஒரே ரோட்டர்தான், சக்கரத்தை ஓட்டாது, பேட்டரிக்கு ஜெனரேட்டராக ஓடும்.

மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். கிரிம்ப் பிளையர் கேட்டிருந்தாய் அல்லவா, நீ அதிகம் போடுவது எந்தக் கனெக்டர் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதற்கேற்ற டையோடு வாங்கி வருகிறேன்.

உன் மச்சான்