பிசியோ பிரிவிலிருந்து செல்விக்கு

திருநெல்வேலி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அத்தை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது என்று படித்ததும் போன் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் பகலெல்லாம் போனை எடுப்பதும் வைப்பதுமே வேலையாகிவிட்டதால், வீட்டுக்கு வந்தபின் அதைத் தொடவே பிடிப்பதில்லை. அத்தை விஷயத்தைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

"நீ அங்கே நர்ஸா, கிளார்க்கா?" என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை. பிசியோதெரபி பிரிவில் உதவியாளர். அதே பிரிவின் வரவேற்பு மேசையும் என் தலையில். வருகிறவர்களுக்கு நான் சிஸ்டர். நிர்வாகத்துக்கு இரண்டு ஆள் வேலையை ஒரு சம்பளத்தில் முடித்துத் தருகிறவள்.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே மெழுகுத் தொட்டியைப் போட்டுவிட வேண்டும். உருகி, 50 டிகிரியைச் சற்றுத் தாண்டி நிற்க நேரமாகும். மூட்டு வலிக்காரர்கள் அதில் கையை முக்கி முக்கி எடுத்தால் வெள்ளைக் கையுறை மாட்டியது போல் மெழுகு படியும். துண்டால் சுற்றி உட்கார வைப்பேன். ஒத்தடப் பைகள் கிடக்கும் தண்ணீர் 70 டிகிரிக்கு மேல். துண்டில் பல மடிப்பாகச் சுற்றாமல் அந்தப் பை யார் முதுகிலும் படக்கூடாது. சுகர்காரர்கள் என்றால் இன்னும் கவனம். கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. "போதும்" என்று அவர் சொல்வதற்குள் தோல் வெந்திருக்கும். அதனால் எங்கள் பிசியோதெரபிஸ்ட் மேடம் முதலில் அவர் கண்ணை மூடச் சொல்லி, சூடு எது, குளிர்ச்சி எது என்று தொட்டுச் சோதித்துவிடுவார்.

பிறகு மேசை. டோக்கன், பில், பழைய கோப்பு, நடுவில் போன். புதிதாக வருகிறவரிடம் ஊரும் வயதும் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். "நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? எலும்பில் பிளேட், கம்பி ஏதாவது வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டால் மட்டும், இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்ற பார்வை. தோள்வலிக்கு வந்தவரிடம் நெஞ்சைப் பற்றிக் கேட்டால் யாருக்குமே விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு நாங்கள் வைக்கும் கரண்ட் ஆகாது. சூடு தரும் ஒரு கருவியில், உடம்புக்குள் இருக்கும் உலோகமே சூடேறிச் சுற்றியுள்ள தசையைச் சுட்டுவிடும். மேடமும் உள்ளே கேட்பார்; நான் முன்னாலேயே கேட்டு எழுதிவைத்தால் இரண்டு காவல்.

செல்வி, வந்த புதிதில் வரவேற்பு மேசையை நான் இடைஞ்சலாகத்தான் நினைத்தேன். உள்ளே ஒருவர் இணைகம்பிகளைப் பிடித்து முதல் அடி வைக்கிறார், நான் அங்கே நில்லாமல் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்று எரிச்சல் வரும். இப்போது அப்படி இல்லை. இந்த வைத்தியத்தில் பாதி, ஒருவர் தொடர்ந்து வருவதில்தான் இருக்கிறது. தோள் இறுகிப்போனவருக்குக் கை முழுதாக மேலே போக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடமே தாண்டும். பக்கவாதத்திலிருந்து எழுகிறவருக்கோ முதல் சில மாதங்களை விட்டுவிட்டால் பெரிய இழப்பு. அவர் வருவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் என் மேசையில்தான் முடிவாகிறது.

மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றும் பெண்கள் வருகிறார்கள். மடியில் தட்டை வைத்துக் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துவிடும். கட்டைவிரல் அடியில் வலி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்களிடம் செலவழிக்கும் காலை நேரத்துக்குக் கூலி கிடையாது. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இவ்வளவு பேராவது வருகிறார்கள். பகலில் வரச் சொன்னால் பத்துப் பேரில் பாதி நின்றுவிடுவார்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வரும் நேரத்துக்கு வாருங்கள் என்றால் வருகிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வருகிற பெண்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. அது வெளியூர் பஸ், டிக்கெட் எடுத்தாக வேண்டும். உடன் வரும் மகனுக்கும் ஒரு நாள் தறிக்கூலி போகும். அப்படிப்பட்டவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரச்சொல்லி, மற்ற நாட்களுக்கு வீட்டுப் பயிற்சியை எழுதிக் கொடுங்கள் என்று மேடமிடம் நானே கேட்பேன்.

கோப்பில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். எனக்கு அந்த வரியைக் கண்டாலே ஆகாது. நான் ஓரத்தில் பென்சிலால் "பேத்திக்குப் பரீட்சை, கூட்டிவர ஆள் இல்லை" என்று எழுதிவிடுவேன். மேலாளருக்கு இது பிடிப்பதில்லை, கோப்பு அழுக்காகிறதாம். ஆகட்டும்.

சரி, அத்தைக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள், நடக்கப் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பாவம் என்று படுக்கவே விட்டுவிடாதே. படுத்தே இருந்தால் முதுகில் புண், காலில் ரத்தக்கட்டு, நெஞ்சில் சளி என்று வரிசையாக வரும். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது ஓசூரில் உனக்குக் கஷ்டம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றிக் கேள். அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கூச்சப்படாமல் கேள், உன் வேலையையும் விட வேண்டியதில்லை.

வாக்கர் வாங்கினால் உயரத்தைச் சரிபார். அத்தை நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்பு அளவுக்கு இருக்க வேண்டும். குளியலறை வாசல் மிதியடியை இன்றே எடுத்துவிடு. எலும்பை இணைத்துக் கம்பி போட்டார்களா, மூட்டின் பந்தையே மாற்றினார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். மாற்றியிருந்தால், தாழ்வான மணையில் உட்காரலாமா, காலைக் குறுக்கே போடலாமா என்பதை டாக்டரிடம் கேட்காமல் எதுவும் செய்ய விடாதே. சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, மேடமிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
கோமதி