மரபு நடை நடத்துவோருக்கு: நைனியப்பப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரி வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்திக் கதை சொல்கிறீர்கள். தேக்குத் தூண், பிரெஞ்சு பாணி மாடி, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தலைமைத் தரகருமானவர்), 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு, எல்லாம் சரிதான். அந்தத் துபாஷி வேலையை யார் கொடுத்தார்கள், யார் பறித்தார்கள், அதில் காசு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கு அவருடைய உறவினர் நைனியப்பப் பிள்ளையிடம் போக வேண்டும்.

பிரெஞ்சுக் கும்பினி எனும் வணிக நிறுவனத்தின் முதலாளிகள் பாரிசில். துணி நெய்கிறவர்களோ இங்கே ஊர் ஊராய். நடுவில் நின்று வியாபாரிகளைப் பிடித்து, முன்பணம் கொடுக்க வைத்து, சரக்கு வராவிட்டால் பதில் சொல்வது தலைமைத் தரகரின் வேலை. தரகும் சொந்த வியாபாரமும்தான் அவர் வருமானம். கும்பினிக் கணக்கும் அவர் கணக்கும் எங்கே பிரிகின்றன என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. வேலை சுமுகமாய் நடக்கும்வரை அது எல்லோருக்கும் வசதி. துரை மனம் மாறினால் அதுவே குற்றப்பத்திரிகை.

நைனியப்பருக்கு 1708இல் அந்த வேலையைக் கொடுத்தவர் புதுச்சேரி ஆளுநராயிருந்த எபேர் துரை. 1716இல் அவரைச் சிறையில் அடைத்தவரும் அதே எபேர்தான்! இடையில் பதவி இழந்த எபேர், கத்தோலிக்கத் துறவிகளான சேசு சபையாரின் ஆதரவோடு திரும்பி வந்திருந்தார். அந்த வேலை கிறித்தவர் ஒருவருக்கே போக வேண்டும் என்பது சபையாரின் நெடுநாள் பிடிவாதம். கொடுங்கோன்மை, கலகத் தூண்டல் என்று குற்றம் சாட்டினார்கள். தனக்குத் தெரியாத பிரெஞ்சில் விசாரித்தார்கள் என்று நைனியப்பர் தரப்பு முறையிட்டது. கடைத்தெருவில் ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பானது. 1717இல் சிறையிலேயே இறந்தார். ஆனந்தரங்கரின் தந்தை திருவேங்கடம் பிள்ளையும் இந்த வழக்கில் சிறைப்பட்டவர்தான்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். அவருக்காகப் பிரான்சில் வாதாடியவர்களில் சேன் மாலோ துறைமுக வணிகர்களும் உண்டு. அவர்களுக்கு நம்பகமான தரகர் வேண்டும். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது இரண்டாம் பட்சம். எபேரின் பதவி போனது. 1720இல் தீர்ப்பு ரத்தானது.

மகன் குருவப்பப் பிள்ளை பாரிசுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே என்ற பிரெஞ்சு அரச கௌரவப் பட்டத்தோடு திரும்பி, அப்பாவின் வேலையில் அமர்ந்தார். பக்தியால் மாறினார் என்றோ பதவிக்காக மாறினார் என்றோ ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 1724இல் அவர் இறக்க, வேலை கிறித்தவரான கனகராய முதலியாருக்குப் போனது. முதலியார் 1746இல் காலமானதும் அந்த இடத்துக்கு நடந்த போட்டியை ஆனந்தரங்கரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: யார் யாரிடம் பேசினார்கள், எவ்வளவு கொடுப்பதாய்ச் சொன்னார்கள், துய்ப்ளேயின் மனைவி யார் பக்கம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு பத்தியையாவது கூட்டத்துக்கு முன் வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தமிழைக் கேட்கவே இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நடைகளில் பின்வரிசையில் வரும் வாசகன்