கூடக் கொடுக்கும் காசு எதற்கு?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மனிசிக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டுச் சந்தோசம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் டச் பே பக்கம் தலைகாட்ட முடியாது.

சரி, பைக் கதைக்கு வருவோம். உன் றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411ஐக் கொடுத்துவிட்டு, புதிய ஹிமாலயன் 450 எடுக்கவா என்று கேட்டிருக்கிறாய். நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் 450 புராணம். முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அவசரப்படாதே.

கடதாசியில் பார்த்தால் புதியது எங்கேயோ போய்விட்டது. 24 குதிரைவலு 40 ஆகிவிட்டது, கியர் ஆறு, தண்ணீரில் குளிரும் எஞ்சின். ஆனால் போன வருசம் நாம் இரண்டு பேரும் கொல்லிமலை ஏறினோமே! 70 கொண்டை ஊசி வளைவு. என் பாரத்தையும் சுமந்துகொண்டு உன் பழைய வண்டி ஒரு வளைவிலும் முக்கவில்லை. அதன் இழுவை, எஞ்சின் நிமிடத்துக்கு 4000, 4500 சுற்றுச் சுற்றும்போதே முழுதாக வந்துவிடும். 450இல் இழுவை கூட, 32க்கு 40 நியூட்டன் மீற்றர். ஆனால் அது முழுசாக வர 5500 சுற்று வேண்டும். முறுக்கி ஓட்டுகிறவனுக்கான எஞ்சின் அது. நீயோ தேநீர்க் கடையைக் கண்டதும் நிறுத்துகிற ஆள்.

நாலுவழிச் சாலையில் லொறியை முந்த 411 யோசிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இந்தியாவில் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 80 கிலோமீற்றர்தானே சட்டம். இலங்கையில் எங்களுக்கு 70. அதிவேகப் பாதைக்குள் பைக்கை விடவே மாட்டார்கள்.

சீற் உயரத்தையும் பார். 800 மில்லிமீற்றர் 825 ஆகியிருக்கிறது. கோபிக்காதே, உன் காலுக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய விசயம். இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட 200 கிலோ. சரிந்தால் தூக்கிவிட நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

விலை? 450 2023 நவம்பரில் வந்தபோது 2.69 இலட்சம் இந்திய ரூபாயில் தொடங்கியது. 2025 செப்ரெம்பரில் 350 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஜிஎஸ்டி வரியை 40 வீதமாக்கிய பிறகு அந்தக் கணக்கும் போய்விட்டது. இவ்வளவு கொடுத்தும் ரியூப் இல்லாத கம்பிச் சில்லு வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

நான் காசு கொடுப்பதென்றால் அந்தச் சில்லுக்குத்தான் கொடுப்பேன். ஒருநாள் பொழுதுபடுகிற நேரம், கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகையில் என் பல்சரின் பின் ரயர் காற்றுப் போனது. ரியூப் வண்டி, சில்லைக் கழற்றாமல் ஒன்றும் நடக்காது. யானை கடக்கிற இடம். காட்டுக்குள் ஒரு கொப்பு முறிந்த சத்தம் கேட்டது. யானையோ மாடோ தெரியாது, ஒரு கிலோமீற்றர் பைக்கைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். அன்றைக்கு எனக்கு 40 குதிரைவலு கிடைத்திருந்தாலும் என்ன பயன்?

உன் எஞ்சின் புகைக்கவில்லை, சத்தமும் இல்லை என்கிறாய். அப்படியென்றால் வைத்துக்கொள். சீற்றைப் பிரித்து நல்ல பஞ்சு போடு, பின் சஸ்பென்சனைப் பார், ரயர் மாற்று. தனியாக லடாக் போகிற எண்ணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் 450 எடு. அந்த எண்ணத்தை நீ எத்தனை வருசமாகச் சொல்கிறாய் என்று நான் எழுதவில்லை.

எனக்கு இந்த யோசனைக்கே இடமிருக்கவில்லை. இங்கே 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கி ஓடிய வண்டி இது, இன்னும் ஓடுகிறது. உப்புக் காற்றில் செயின் மட்டும் கறள் பிடிக்கிறது.

மிச்சக் காசில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறைக்கு வா. பைக் ஏற்ற மாட்டார்கள், பரவாயில்லை. என் பல்சரிலேயே மூதூர்ப் பக்கம் போவோம். நீ இங்கே இருந்த காலத்தில் படகுப்பாதைக்குக் காத்து நின்ற கிண்ணியாவில் 2009இலேயே பாலம் வந்துவிட்டது, நீ இன்னும் அதில் ஏறவில்லை. வரும்போது செயினுக்கு அடிக்கிற ஸ்பிறே இரண்டு போத்தல் வாங்கி வா. கப்பலில் விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்