கறி தீர்ந்தால் தீரட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே உங்கள் புகைக்கறிக் கடை வாசலில் ‘கறி தீர்ந்துவிட்டது’ என்று சிலேட்டை மாட்டிவிட்டீர்கள். குடியாத்தத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்த ஒருவர் உங்களைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு அடுப்படி ஆளிடம் நீங்கள், “அடுத்த வாரத்துலருந்து கொஞ்சம் சீக்கிரம் இறக்கிப் பாக்கலாமா?” என்று கேட்டது எங்கள் மேசை வரை கேட்டது. வேண்டாம் தம்பி. சீக்கிரம் இறக்காதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அன்று கோபித்துக்கொண்டவரும் படிக்கட்டும் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். நெஞ்சுக்கறி என்பது மாட்டின் கனத்தை நாள் முழுக்கத் தாங்கி உழைக்கிற தசை. நாரும் சவ்வுமாக இருக்கும். அந்தச் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் இளகி ஜெலட்டின் ஆனால்தான் பல்லுக்குப் பதமாகும். அதற்கு 110 டிகிரி வாக்கில் அனலும் புகையும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் வேண்டும். நடுவில் ஒரு சோதனை வரும். கறியின் உள்சூடு 70 டிகிரியை ஒட்டி வந்ததும், மேலே ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். மேற்புறத்து ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதுதான் காரணம். காகிதத்தில் சுற்றி வைத்தால் கொஞ்ச நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். பொறுமை இழந்து விறகை அள்ளிப் போட்டால் மேலே கருகும், உள்ளே நார் அப்படியே நிற்கும். உள்சூடு 95-ஐ நெருங்கும்வரை காத்துக்கிடப்பதைத் தவிர வழியில்லை.

அந்தக் காத்திருப்பு என்ன தரும் என்பதை அன்று என் அம்மாவின் தட்டில் பார்த்தேன். அம்மாவுக்குக் கீழ்வரிசையில் பல் அதிகமில்லை. வீட்டில் கறி எடுத்தால் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். நீங்கள் ஆட்டு முன்னங்கால் சப்பையைக் கொண்டுவந்து வைத்து, எலும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தீர்கள். கறி தட்டிலேயே இருக்க, எலும்பு மட்டும் வெள்ளையாகக் கையோடு வந்தது. அம்மா இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாட்டுக்கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வைத்திருக்கிறீர்களே, அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் கையையே வைத்தார். எல்லா வழக்கமும் உள்ள குடும்பங்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டுமென்றால் இதெல்லாம் முக்கியம்.

கறியின் ஓரத்தில் தெரிந்த சிவப்பு வளையத்தைப் பார்த்து என் சின்ன மகள், “அப்பா, இது வேகவே இல்ல” என்றாள். பக்கத்து மேசையில் பெரியவர்களுக்கே அந்தச் சந்தேகம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயு, கறிக்குச் சிவப்பு தரும் மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது, பச்சைக்கறியும் இல்லை, கலர்ப்பொடியும் இல்லை என்று சுவரில் இரண்டு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்.

விறகைப் பற்றிக் கேட்டதற்கு மாங்கட்டை என்றீர்கள். நல்லது. பாலாற்றங்கரை முழுக்க மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம் மலிவு என்று யாராவது யோசனை சொல்வார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் இதே மாதிரி கறிக்குப் புகை போட எரிக்கும் மெஸ்கீட் மரமும் அதற்குச் சொந்தம்தான். ஆனால் அங்கேயே மணிக்கணக்கில் புகை போடும் பலர் ஓக் மரத்தைத்தான் நம்புகிறார்கள். மெஸ்கீட் புகை காட்டமானது, நேரமாக ஆகக் கறியில் கசப்பு ஏறிவிடும். கருவேலத்தை எரித்துக் கங்காக்கி, கோழி வாட்டுவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இந்தப் பொறுமை புதிதில்லை. பாட்டி உப்புக்கண்டம் போடுவார். மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்த கறியை நாள்கணக்கில் வெயிலில் காயவிட்டு, பிறகு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். ஆம்பூரில் சீரகச் சம்பா அண்டாவுக்கு மூடி மேல் கங்கு வைத்துத் தம் போடும்போது எவராவது அவசரப்படுத்துகிறாரா? அண்டா காலியானால் நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுகிறோம். உங்களுக்கும் அந்த மரியாதையை நாங்கள் தரத்தான் வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். கறி எப்போது அடுப்பேறியது என்பதையும் சிலேட்டில் எழுதுங்கள். ‘நேற்று இரவு 9 மணி’ என்று காலையில் படிப்பவர், மதியம் தீர்ந்துபோனால் சண்டை போடமாட்டார். தொலைவிலிருந்து வருபவர்களுக்குச் சனிக்கிழமை போனிலேயே பங்கு எடுத்துவைக்கலாம். குழம்பு எங்கே, மசாலா எங்கே என்று கேட்பவர்களுக்காக கறி மேல் புகையில் இறுகிய அந்த உப்பு மிளகு மேலோட்டின் மீது எதையும் ஊற்றிவிடாதீர்கள். தொட்டுக்கொள்ள வேண்டுமானால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கடைசிக் கங்கில் சுட்டு, வெங்காயமும் புளியும் போட்டுப் பிசைந்து வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், பக்கத்திலேயே விளைகிறது.

வருகிற ஞாயிறு பதினொன்றரைக்கு ஏழு பேராக வருகிறோம். அம்மாவுக்குச் சப்பையில் ஒரு பங்கு எடுத்துவையுங்கள். கை கழுவும் தொட்டி குழந்தைகளுக்கு எட்டவில்லை, கீழே ஒரு பலகை போட்டுவைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அண்ணன்