கல்லறைகளுக்கும் வரலாறு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் பற்றிய பயணக் கட்டுரைகளில், கல்லறைக் கற்களுக்குப் பின்னே மன்ஹாட்டன் கோபுரங்கள் எழுந்து நிற்கும் படம் அடிக்கடி இடம்பெறுகிறது. குயின்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் அது. வெறும் அழகுக் காட்சியாக அதைக் காட்டிவிட்டு நகர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மன்ஹாட்டனில் புதைக்க இடம் அருகிவந்த நிலையில், பழைய புனித பேட்ரிக் பேராலயத்தின் அறங்காவலர்கள் ஆற்றுக்கு அக்கரையில் நிலம் வாங்கினார்கள். முதல் அடக்கம் 1848-இல் நடந்தது. சவப்பெட்டிகள் ஈஸ்ட் ஆற்றைப் படகில் கடந்து வந்தன. பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்த ஏழை அயர்லாந்து மக்கள் பலர் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் எத்தனை எத்தனை பச்சிளம் குழந்தைகள்! உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்கென நகர நிர்வாகம் 1863-இல் இதற்குள்ளேயே ஒரு துண்டு நிலம் வாங்கியது. இன்று இங்கே அடக்கமானோர் சுமார் 30 லட்சம் பேர். அமெரிக்காவில் இவ்வளவு பேரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம் வேறில்லை.

அடுத்த முறை அந்தப் படத்தை வெளியிடும்போது, அடியில் இரண்டு வரியாவது இந்த வரலாற்றைச் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்