எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக் குழுக்களில் இருக்கும் தமிழ் மருத்துவர்களுக்கு

அன்புள்ள மருத்துவர்களே, டயட்டீஷியன்களே,

டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் உங்களில் பலர் வேலை பார்க்கிறீர்கள். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ், வயிற்றைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் என்று உங்களிடம் வருபவர்களில் மெக்சிகோ, கியூபா, எல் சால்வடோர் குடும்பத்தினர் நிறைய. 2017–18 கணக்குப்படி அமெரிக்காவின் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) பெரியவர்களில் 44.8 சதவீதம் பேருக்கு உடல் பருமன். அவர்களுக்காகவே இந்த மடல்.

நோயாளி உணவுக்கு அடிமையாகியிருக்கிறாரா என்று பார்க்க யேல் அளவுகோல் என்ற கேள்வித்தாளைக் கொடுக்கிறீர்கள். 2009இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. நல்ல கருவிதான். ஆனால் அதன் ஆங்கில மூலம் உதாரணமாகச் சொல்லும் பண்டங்களைப் பாருங்கள்: ஐஸ்க்ரீம், டோனட், பீட்சா, சிப்ஸ், சோடா. சாயங்காலம் காபியோடு நாலைந்து பான் துல்சே (மெக்சிகோ இனிப்பு ரொட்டி) சாப்பிடும் ஒரு அம்மா, "இதெல்லாம் நான் தொடுவதே இல்லையே" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போவார். சோளமாவை வேகவைத்துச் செய்யும் தமாலும், அரிசியில் செய்யும் இனிப்புப் பானமான ஓர்சாத்தாவும் அந்தப் பட்டியலில் கிடையாது. சோறு மட்டும் இருக்கிறது! சோறும் பீன்ஸும் அன்றாடச் சாப்பாடாக இருக்கும் வீட்டில், சோற்றை விட முடியவில்லை என்பதை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்?

அமெரிக்க வாழ்க்கைக்கு ஒருவர் எவ்வளவு பழகிவிட்டார் என்று அளக்க 1987இல் வந்த 12 கேள்விகளும் அப்படித்தான். வீட்டில் எந்த மொழி, எந்த மொழியில் யோசிக்கிறீர்கள், டிவி எதில், நண்பர்கள் யார் என்று கேட்கின்றன. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று ஒரு கேள்வியும் இல்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசும் மகள் பாட்டி சமைத்ததைத்தான் சாப்பிடுவாள். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த கட்டடத் தொழிலாளி தினமும் பர்கரில் மதியத்தை ஓட்டுவார்.

அதற்காக எல்லாவற்றையும் பண்பாட்டுக் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். ஒளித்துவைத்துச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பது, பைபாஸுக்குப் பிறகு இனிப்பால் வியர்த்துப் படபடத்தும் மறுபடி அதையே தேடுவது எல்லாம் எந்த ஊர்ச் சமையலிலும் நோய்தான். கத்தி வயிற்றைச் சுருக்கும்; பலருக்கு இந்த வேட்கையும் குறையலாம், ஆனால் எல்லாருக்கும் அது தீர்ந்துவிடாது. மனநல ஆலோசனை அறுவைக்குப் பிறகும் தொடர வேண்டும், அதுவும் ஸ்பானிஷில். மகளையே மொழிபெயர்க்க உட்கார வைத்தால் தாய் எப்படி மனம் திறப்பார்?

சமைப்பவரையும் ஆலோசனைக்குக் கூப்பிடுங்கள். நம் வீட்டு விருந்தில் பாதியிலேயே இலையை மூடினால் பரிமாறியவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டிக்கும் அதே வருத்தம்தான். அறுவைக்குப் பிந்தைய டயட் தாளில் அவர் வைக்கும் கோழி கால்தோவை (சூப்) வடிகட்டி, திரவம் மட்டும் தரும் முதல் கட்டத்திலும், பன்றிக் கொழுப்பு சேர்க்காமல் மைய மசித்த பீன்ஸைக் கூழ் கட்டத்திலும் சேர்க்கலாம். தன் சமையலே மருந்துச் சீட்டில் இருந்தால் அவர் எதிர்த்து நிற்க மாட்டார்.

அப்புறம் ஒன்று. டிசம்பர் 16 முதல் 24 வரை மெக்சிகோ வீடுகளில் லாஸ் போசாதாஸ் என்ற கிறிஸ்துமஸ் முன்கொண்டாட்டம், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று ரோஸ்கா என்ற வளைய வடிவ இனிப்பு ரொட்டி. அறுவைத் தேதி குறிக்கும்போது அந்த நாட்களை எப்படிக் கடக்கப் போகிறார் என்று நோயாளியிடமே கேட்டு, பதிலை அவருடைய கோப்பில் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
உணவு ஆலோசகர் ஒருவர், ஹூஸ்டன்